சதையிச் சத்திரசிகிச்சை: ஒரு வரலாற்று நோக்கு

தமிழர் சத்திரசிகிச்சையை அறியாதவரல்லர். போரிற் பட்ட புண்ணை நெடிய வெள்ளூசி கொண்டு தைத்தமையால் உண்டான வடுவினைப் பதிற்றுப்பத்துக் குறிப்பிடுகின்றது. எனினும் புறப்புண்ணைத் தைத்தல் வேறு. வயிற்றினுள்ளே நோயுற்ற உறுப்பை அறுத்து நீக்கி, எஞ்சியவற்றை மீண்டும் பொருத்தி, நோயாளியை உயிருடன் எழுப்புதல் வேறு. பின்னையது கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் வளர்ந்த கலை. அக்கலையிலும் மிகக் கடினமான பகுதிகளுள் ஒன்று சதையியின்மேற் செய்யப்படும் சத்திரசிகிச்சையாகும். வயிற்றை அகலத் திறவாது, சிறு துளைகள் வழியாகவும், அண்மைக் காலத்தில் இயந்திரக் கைகளின் துணைகொண்டும் இதனைச் செய்யும் முறை எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு பரவிற்று, அதன் பயனை அளந்து பார்த்தோர் யாது கண்டனர், சப்பிரகமுவா மாகாணத்துத் தோட்டப்புற மக்களுக்கு அதனாற் கிடைக்கக்கூடியது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் பெயர் பற்றி ஒரு சொல். இவ்வுறுப்பை நம் நாட்டுப் பாடநூல்கள் சதையி என்றும், தமிழகத்தார் கணையம் என்றும் வழங்குவர். கிரேக்கர் இதற்கு இட்ட பெயரின் பொருள் 'முழுவதும் ஊன்' என்பது. எலும்போ குருத்தெலும்போ இன்றி ஊனாகவே இருத்தலின் அப்பெயர் பெற்றது. சதையி என்னும் நம் சொல் அக்கருத்தையே தழுவி நிற்றல் காண்க. ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் நீளமுடைய இவ்வுறுப்பு இரைப்பையின் பின்னே, முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கின்றது. இதன் தலைப்பகுதியை முன்சிறுகுடல் வளைந்து தழுவுகின்றது. ஈரலிலிருந்து வரும் பித்தக்கான் இத்தலையினூடாகவே குடலை அடைகின்றது. குடலுக்கு இரத்தங் கொண்டுசெல்லும் பெருங்குழாய்கள் இதன் பின்னே ஒட்டிச் செல்கின்றன. உணவைச் செரிக்கச் செய்யும் நீரும், இரத்தத்திற் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினும் இங்கே சுரக்கின்றன. செரிப்பு நீர் இணைப்பு வழியாகக் கசியுமாயின் அயலிலுள்ள தசையையும் குழாயையும் அரித்துவிடும். சத்திரவைத்தியர் பல தலைமுறையாக இவ்வுறுப்பை அணுக அஞ்சியமைக்கு இவையே காரணம்.

சதையியின் தலையிற் புற்றுநோய் தோன்றினாற் பெரும்பாலும் முதற்கண் தெரியும் குறி மஞ்சட்காமாலையே. பித்தக்கான் நெருக்குண்டு, பித்தம் இரத்தத்திற் கலக்கின்றது. நோயை நீக்க வேண்டின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்கானின் கீழ்ப்பகுதி ஆகிய யாவற்றையும் ஒருங்கே எடுத்தல் வேண்டும். பின்னர் எஞ்சிய சதையி, பித்தக்கான், இரைப்பை ஆகிய மூன்றையும் சிறுகுடலோடு தனித்தனியே பொருத்துதல் வேண்டும். இத்தாலியரான கொடிவில்லா 1898இல் இதனை முயன்றார், நோயாளி பிழைத்திலர். 1909இல் பேர்லின் நகரில் வால்தர் கௌஷ் என்பவர் இரு கட்டங்களாகச் செய்து வெற்றி கண்டு, 1912இல் அதனை வெளியிட்டார். 1935இல் நியூயோர்க் நகரத்து அலன் விப்பிளும் அவர் துணைவர் இருவரும் மூன்று நோயாளர் பற்றி எழுதிய கட்டுரையே இம்முறையை உலகறியச் செய்தது. இன்றும் இது விப்பிள் சத்திரசிகிச்சை என்றே வழங்குகின்றது. காமாலை நோயாளரின் இரத்தம் உறையாமற் பெருகும் இடர் உயிர்ச்சத்து கே கண்டறியப்பட்டதன் பின் நீங்கிற்று. 1940 முதல் ஒரே கட்டத்திற் செய்தல் இயல்வதாயிற்று.

இயல்வதாயிற்றேயன்றி, பாதுகாப்பானதாயிற்றெனக் கூற முடியாது. 1960களில் இச்சத்திரசிகிச்சைக்கு உட்பட்டோருள் ஐவரில் ஒருவரளவில் அதனாலேயே மாண்டனர். 1970இல் அமெரிக்கரான ஜோர்ஜ் கிறைல், இதனைக் கைவிட்டுப் பித்தத்திற்கு மாற்றுவழி அமைப்பதே நன்று என வாதிட்டார். அவ்வாதம் வெற்றுரையன்று, அக்கால எண்கள் அவர் பக்கமே நின்றன. நிலைமையை மாற்றியது புதுக்கருவி அன்று, ஒழுங்கும் பழக்கமுமே. ஒரே வைத்தியசாலையில், ஒரே குழுவினர், ஆண்டுதோறும் பலருக்குச் செய்யத் தொடங்கியபோது இறப்பு வேகமாகக் குறைந்தது. 1993இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையினரான கமரனும் அவர் குழுவினரும் தொடர்ந்து 145 பேருக்கு ஓர் இறப்பும் இன்றிச் செய்தமையை அறிவித்தனர். 2002இல் வெளிவந்த பேர்க்மையரின் ஆய்வு இதனை ஐயத்துக்கிடமின்றி நிறுவிற்று. மிகச் சிலருக்கே இதனைச் செய்த அமெரிக்க வைத்தியசாலைகளில் நூற்றுக்கு 16 பேரளவில் மாண்டனர். மிகப் பலருக்குச் செய்தவற்றில் ஏறக்குறைய நால்வரே மாண்டனர். நோய் ஒன்றே, செய்முறையும் ஒன்றே. வேறுபட்டது கைப்பழக்கமும் அக்கைக்குத் துணைநின்ற அமைப்புமாகும். இவ்வுண்மையை மனத்திற் கொண்டாலன்றிப் பின்வரும் வரலாறு விளங்காது.

சிறு துளை வழியே வயிற்றினுள் நோக்கும் எண்ணம் பழையது. 1901இல் ஜேர்மனியரான கெல்லிங் ஒரு நாயின் வயிற்றிற் காற்றைச் செலுத்தி உள்நோக்குக் குழாயாற் பார்த்தார். 1910இல் சுவீடனைச் சேர்ந்த யக்கோபேயுஸ் மனிதரிடத்து அவ்வாறு செய்தமையை வெளியிட்டார். நெடுங்காலம் இது பார்ப்பதற்கே பயன்பட்டது. 1985 செப்ரெம்பரில் எரிக் மூஹே என்னும் ஜேர்மானிய வைத்தியர் இவ்வழியே பித்தப்பையை எடுத்தார். அந்நாட்டுச் சத்திரவைத்தியர் சங்கம் முதலில் அவரை எள்ளி ஒதுக்கிற்று. 1992இல் அதே சங்கம் அவருக்குப் பரிசளித்தது. இந்தியாவில் 1990இல் மும்பையில் உட்வாடியா இதனைத் தொடங்கிவைத்தார். இதற்கிடையே உலகெங்கும் சத்திரவைத்தியர் இம்முறையை அவாவிப் பற்றினர். 1991இல் அமெரிக்கத் தென்மாநிலச் சத்திரவைத்தியர் கழகம் 1,518 நோயாளரின் கணக்கை வெளியிட்டது. ஒவ்வொரு குழுவினரும் செய்த முதற் 13 பேருள் பித்தக்கான் காயமுற்றோர் நூற்றுக்கு 2.2, அதன் பின் வந்தோருள் நூற்றுக்கு 0.1. கற்போன் செலுத்தவேண்டிய கட்டணத்தை முதற் பதின்மூவர் தம் உடலாற் செலுத்தினர் என்பதே இவ்வெண்களின் பொருள். பித்தப்பையிலேயே இவ்வாறாயின், சதையியில் எவ்வாறாகும் என்பதை ஊகித்தல் எளிது.

கனடாவின் மொன்றியல் நகரில் மிசேல் காஞே, அல்பிரட் பொம்ப் என்னும் இருவரும் துளைவழி விப்பிள் சத்திரசிகிச்சையை முதன்முதற் செய்து 1994இல் வெளியிட்டனர். இவ்விருவரிடத்துப் போற்றத்தக்கது அவர்தம் துணிவினும் நேர்மையே. 1997இல் தம் அனுபவத்தைத் தொகுத்து எழுதியபோது, சதையியின் வாற்பகுதியை நீக்குவதற்கு இம்முறை நன்மை தருமெனவும், தலைப்பகுதியை நீக்குவதிற் பயன் தெளிவாகவில்லை எனவும் அவர்களே கூறினர். முதலிற் செய்தோர் தாமே ஐயம் எழுப்பிய பின், பிறர் பலர் பின்வாங்கியதில் வியப்பில்லை.

அவ்வாறு பின்வாங்காதோருள் ஒருவர் தமிழர். கோயம்புத்தூர் ஜெம் வைத்தியசாலையின் சி. பழனிவேலு இளமையில் வறுமையாற் பள்ளிப் படிப்பை இடையே விட்டு, மலேசியா சென்று உடலுழைத்து, பின்னர் தாயகம் மீண்டு படிப்பைத் தொடர்ந்து வைத்தியரானவர். கடல் கடந்து கூலிக்குச் சென்றோர் வழிவந்த நம் மாணவர்க்கு இது வெறுஞ் செய்தியன்று. அவரும் அவர் குழுவினரும் 1998 முதல் துளைவழி விப்பிள் சத்திரசிகிச்சையைச் செய்து வந்தனர். 2006 வரையிற் செய்த 42 பேரின் விவரத்தை 2007இல் வெளியிட்டனர். அவர்களுள் இறந்தவர் ஒருவர்.

ஆனால் ஒருவர் தம் நோயாளரைத் தாமே தெரிந்தெடுத்துத் தாமே கணக்கெழுதுவது முடிந்த சான்றாகாது. எளிய நோயாளரைத் துளைவழிக்கும் கடினமானோரைத் திறப்பு முறைக்கும் அறியாமலே பிரித்துவிட இடமுண்டு. இக்குறையை நீக்கும் வழி, எவர்க்கு எம்முறை என்பதைத் திருவுளச்சீட்டுப் போலத் தற்செயலுக்கு விட்டுப் பின் இரு சாராரையும் ஒப்பிடுதல். விப்பிள் சத்திரசிகிச்சையில் இத்தகைய ஒப்பீடு உலகில் முதன்முதல் வெளிவந்தது கோயம்புத்தூரிலிருந்தேயாம். 2017இல் வெளியான அவ்வாய்வில் 64 நோயாளர் இருபாலாகப் பிரிக்கப்பட்டனர். பக்கத்துக்கு 32 பேர். திறப்பு முறையினர் வைத்தியசாலையில் இருந்த நாள்களின் நடுவெண் 13, துளைவழியினர்க்கு 7. துளைவழியில் இரத்த இழப்புக் குறைவு, நேரம் அதிகம். சிக்கல்களில் வேறுபாடில்லை. இரு பக்கத்தும் ஒவ்வொருவர் இறந்தனர்.

இம்முடிவைக் கண்டு முறை நிறுவப்பட்டதென மகிழ்ந்தோர்க்கு ஈராண்டில் மறுமொழி வந்தது. நெதர்லாந்தில் நான்கு வைத்தியசாலைகள் சேர்ந்து நடத்திய 'லெப்பார்ட்-2' என்னும் ஆய்வு 2019இல் வெளியாயிற்று. அதிற் பங்குகொண்ட சத்திரவைத்தியர் பயிற்சி பெறாதவரல்லர். ஒவ்வொருவரும் குறைந்தது 20 முறை இதனைச் செய்தவர். எனினும் துளைவழியினர் 50 பேருள் ஐவர் 90 நாளுக்குள் சிக்கல்களால் இறந்தனர். திறப்பு முறையினர் 49 பேருள் இறந்தவர் ஒருவர். இவ்வேறுபாடு தற்செயலாய் நேர்ந்திருக்கவுங் கூடும் என்பதே கணிதத்தின் தீர்ப்பு. ஆயினும் ஆய்வைக் கண்காணித்த குழு உயிரைப் பணயம் வைத்துக் கணிதத்துக்குக் காத்திராது ஆய்வை இடையில் நிறுத்திற்று. அஃது அறிவும் அறமும் ஒன்றிய செயலாகும். இதே நாட்டார் சதையியின் வாற்பகுதியை நீக்கும் எளிய சத்திரசிகிச்சையை ஒப்பிட்டபோது, துளைவழியினர் நான்கு நாளிலும் மற்றையோர் ஆறு நாளிலும் தேறியமை அதே ஆண்டில் வெளிவந்தது. ஆகவே குறை கருவியில் இல்லை. எவ்வேலைக்கு, எவர் கையில் என்பதிலேயே உள்ளது.

2021இற் சீனாவிலிருந்து வந்த ஆய்வு இதனை மேலும் தெளிவாக்கிற்று. 14 வைத்தியசாலைகள், 656 நோயாளர். பங்குகொண்ட சத்திரவைத்தியர் ஒவ்வொருவரும் முன்னரே குறைந்தது 104 முறை செய்தவர். இறப்பு இரு முறைகளிலும் ஒத்திருந்தது. வைத்தியசாலையில் இருந்த நாள் துளைவழியில் 15, திறப்பு முறையில் 16. அதாவது, நூறு முறைக்கு மேற் பழகிய கைகளில் ஆபத்து நீங்கிற்று. ஆனாற் பெற்ற ஊதியமோ ஒரு நாளே. கோயம்புத்தூரிற் கண்ட ஆறு நாள் இங்கே காணப்படவில்லை. ஒரே இடத்திற் பல்லாண்டு பழகிய ஒரு குழுவின் பயனைப் பல இடங்களுக்கும் பொதுவாக்குதல் எளிதன்று என்பது இதனாற் பெறப்படும்.

இனி இயந்திரக் கைகளைப் பற்றிக் காண்போம். றோபோ என்றவுடன் தானே சிந்தித்து அறுக்கும் பொறியென மாணவர் எண்ணுவதுண்டு. அவ்வாறன்று. நோயாளியின் வயிற்றில் இட்ட துளைகளூடே மெல்லிய கருவிக் கைகள் செல்லும். சத்திரவைத்தியர் சற்று அப்பால் ஒரு மேசையில் அமர்ந்து, பெருப்பித்த முப்பரிமாணக் காட்சியைக் கண்டு அக்கைகளை இயக்குவார். அவர் கை அசைந்தால் அது அசையும். அவர் நிறுத்தினால் நிற்கும். சாதாரண துளைவழிக் கருவி நீண்ட கோல் போன்றது. றோபோக் கருவியோ மணிக்கட்டுப் போல மடங்கும். கை நடுக்கத்தையும் வடிகட்டும். சதையியின் நுண்ணிய கானைக் குடலோடு தைப்பதற்கு இஃது உதவும் என்பது வெளிப்படை. 'டாவின்சி' என்னும் இயந்திரத்துக்கு 2000இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கிற்று. அடுத்த ஆண்டே இத்தாலியின் குறொசெற்றோ நகரில் ஜூலியானொத்தி இதனாற் சதையித் தலையை நீக்கினார். விலையும் பராமரிப்புச் செலவும் மிகப் பெரியன. அண்மையில் இந்தியாவிலேயே 'மந்திரா' என்னும் றோபோ செய்யப்பட்டு வருதல் இச்செலவைக் குறைக்குமென எதிர்பார்க்கப்படுகின்றது.

றோபோவைத் தழுவிய வரலாற்றில் நெதர்லாந்தினர் காட்டிய வழி ஆசிரியராகிய எம்மை மிகவுங் கவர்கின்றது. அவர்கள் றோபோ முறையைக் கற்போர்க்குப் படிமுறையான பாடத்திட்டம் வகுத்தனர். முதலிற் பொறியிற் போலிப் பயிற்சி. பின் செயற்கைக் குடலிலும் சதையியிலும் தைத்துப் பழகல். பின் பிறர் செய்த சத்திரசிகிச்சையின் படங்களைக் கண்டு ஆய்தல். இறுதியில் தேர்ந்தவர் அருகிருக்க நோயாளியிடம் செய்தல். முன்னர் நோயாளியின் உடலிலேயே நிகழ்ந்த எழுத்தறிவித்தல் இப்போது பெரும்பகுதி வெளியே நிகழ்கின்றது. புதுமுறையைத் தழுவுதல் என்பது பொறியை வாங்குதலன்று, பள்ளி ஒன்றை அமைத்தல் என்பதே இதன் சாரம்.

நம் நாட்டிற்கு இக்கருத்துப் புதிதன்று. 1847இல் இலங்கை வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் வைத்தியக் கல்வி புகட்டியபோது, 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். 1867இல் அவரது முயற்சியால் 'இரண வைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூல் தமிழில் வெளிவந்தது. மேனாட்டுச் சத்திரக்கலையை முறையாகத் தமிழிற் கற்ற மாணவர் ஈழத்தில் இருந்தனர். 1873இல் அவர் நாடு திரும்பிய பின் அம்முயற்சி தளர்ந்தது. கருவி வந்தது, மொழியும் ஈடுகொடுத்தது. தொடர்ந்து நடத்தும் அமைப்பே நிலைபெறவில்லை.

தோட்டப்புறங்களின் கதை இதனின் வேறுபட்டது. கோப்பிக் காலத்தில், 1872இல், இந்தியத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. 1912இல் அது புதுக்கப்பட்டது. இவற்றின் பயனாய்த் தோட்ட வைத்தியசாலையும் மருந்துக்காரர் என மக்கள் அழைக்கும் தோட்ட வைத்திய உதவியாளரும் தோன்றினர். 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு கொழுக்கிப்புழு ஒழிப்பும் தொடங்கிற்று. ஆயினும் இவ்வமைப்பு முழுவதும் தொழிலாளியை வேலைக்கு மீட்கும் நோக்கோடு எழுந்தது. காய்ச்சல், பேதி, புழு, பிரசவம் ஆகியவற்றுக்கு அப்பால் அது செல்லவில்லை. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை ஒரே வேகத்தில் நடைபெறவில்லை.

இந்நிலையில் தெரணியகலையிலோ இறக்குவானையிலோ எட்டியாந்தோட்டையிலோ வாழும் ஒருவர்க்குச் சதையியில் நோய் கண்டால் நிகழ்வது யாது? கண் மஞ்சளித்தால் லயத்தில் முதலில் நாடப்படுவது கீழாநெல்லி. தொற்றால் வரும் காமாலை பெரும்பாலும் தானே மாறும் இயல்பினது. மாறியது இலையால் என்று நம்பப்படும். சதையிப் புற்றுநோயால் வரும் காமாலையோ பெரும்பாலும் வலியின்றித் தோன்றி, மாறாது வளரும். உடல் அரிக்கும், மலம் வெளுக்கும், சிறுநீர் கறுக்கும், உடல் மெலியும். இலைச்சாற்றிலும் பத்தியத்திலும் வாரங்கள் கழிகின்றன. உலகெங்கும் இந்நோயாளருள் நோய் கண்டபோது அறுத்து நீக்கத்தக்க நிலையில் இருப்போர் ஐவரில் ஒருவருக்கு மேலில்லை. பிந்துவோர்க்கு அவ்வாய்ப்பும் இல்லை. துளைவழியா, திறப்பா, றோபோவா என்னும் கேள்வி அவர்பால் எழுவதே இல்லை.

தென்னாட்டார்க்குரிய இன்னொரு நோயும் உண்டு. சதையியிற் கல் தோன்றி, வயிற்றுவலியும் பின்னர் நீரிழிவும் இளவயதிலே வருவது அது. 1959இல் சூய்டெமா இதனை இந்தோனேசியாவிலும், அதன்பின் கீவர்க்கீஸ் கேரளத்திலும் விரித்துரைத்தனர். வறியோர் உண்ணும் மரவள்ளியே காரணம் என ஒருகாற் கருதப்பட்டது. அக்கருத்து நிறுவப்படவில்லை, பரம்பரைக் கூறுகளும் இன்று ஆராயப்படுகின்றன. கல்லை நீக்கிக் கானைக் குடலோடு இணைக்கும் சத்திரசிகிச்சை இந்நோயின் வலியைத் தணிக்க வல்லது. இதுவும் இப்போது துளைவழியே செய்யப்படுகின்றது. மெலிந்த இளைஞன் ஒருவன் ஓயாத வயிற்றுவலி என்றால் அதனைக் குடிப்பழக்கமென்றோ வேலைக்கள்ளமென்றோ தள்ளிவிடலாகாது என்பதை இதனால் அறிக.

கீறல் சிறிதாதல் நகரத்துச் செல்வர்க்கு அழகு பற்றிய செய்தியாகலாம். நாட்சம்பளக்காரர்க்கு அவ்வாறன்று. பெயர் விழாத நாளுக்குச் சம்பளமில்லை. கொழுந்துக் கூடையுடன் சரிவில் ஏறுவோர்க்கும், விடியலிற் பால் வெட்டச் செல்வோர்க்கும் வயிற்றின் நெடுந்தையல் விட்டுக்கொடுத்துப் பிதுங்குமாயின் தொழிலே போயிற்று. ஆகவே சிறு துளைச் சிகிச்சையால் உண்மையில் மிகுதியும் நன்மை பெறக்கூடியவர் இவரே. ஆனால் அந்நன்மை அவரை அடைய வேண்டின், றோபோ இரத்தினபுரிக்கு வரவேண்டும் என்பதில்லை. நாம் கண்ட எண்கள் அதற்கு மாறாகவே பேசுகின்றன. ஆண்டுக்கு இருவர் மூவருக்கு மட்டும் இதனைச் செய்யும் இடம் எவ்வளவு சிறந்த கருவி வைத்திருந்தும் ஆபத்தான இடமே. கொழும்பு, இராகமை போன்ற இடங்களில் ஈரல், சதையி நோய்களையே கவனிக்கும் தேர்ந்த பிரிவுகளில் இச்சிகிச்சை குவிந்திருத்தலே நன்று. அரச வைத்தியசாலையிற் சிகிச்சைக்குக் கட்டணமில்லை என்பது நம் நாட்டின் பேறு. மாவட்டத்திற்கு வேண்டியது விரைவில் நோயைக் கண்டறிந்து அங்கே அனுப்பும் ஒழுங்கு.

திருக்குறளின் மருந்து அதிகாரம் வைத்தியத்தை நான்கு கூறாகப் பகுத்து, நோயாளி, தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என வைக்கின்றது. நூறாண்டு வரலாறு, தீர்ப்பவனையும் அவன் கருவியையும் வியக்கத்தக்க உயரத்துக்குக் கொண்டுசென்றது. தோட்டப்புறத்தில் இன்று குறைபடுவது நான்காவது கூறு. மஞ்சளித்த கண்ணைக் கண்டவுடன் காரணம் கேட்டு, இரு வாரத்துள் மாறாவிடின் இரத்தப் பரிசோதனைக்கும் ஒலியலைப் படத்துக்கும் அனுப்பும் மருந்துக்காரர்; பெரிய வைத்தியசாலையிற் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய துண்டை நோயாளிக்குத் தமிழில் விளக்கிச் சொல்லும் ஒருவர்; மறுமுறை போய்வரப் பஸ் காசுக்கு வழி காணும் சங்கம்: இவர்களே அக்கூறு. நம் கல்லூரியிற் கற்றோருள் வைத்தியராவோர் சிலரே. இந்நான்காங் கூறாகும் தகுதி அனைவர்க்கும் உண்டு. அவ்வைத்தியராகும் சிலரும், தம் கையிற் புதுக்கருவி ஒன்று தரப்படும் நாளில், இதனாற் பிழைத்தோர் எத்தனை பேர், மாண்டோர் எத்தனை பேர், எண்ணியவர் யார் என முதலிற் கேட்பாராக.